ரப்பர் வளையம்

ஆல்வினுடைய பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறேன். வேறு எதைப் பார்ப்பது, ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் அவன் முதுகு. கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் சர்ச்சுக்கும் கறிக்கடைக்கும் போகிற நேரத்தில், நாற்பதைத் தாண்டின நாங்கள் இரண்டு பேரும் மலை சைக்கிளை மிதித்துக்கொண்டு இந்த மேட்டில் ஏறுகிறோம், உச்சிக்குப் போய்த் திரும்ப இறங்குவதற்காக. இதை என் மனைவி கோகிலாவிடம் முதல்முதலில் சொன்னபோது, எறங்கறதுக்கு ஏன் ஏறோணும், இங்கயே இருந்துக்கலாமல்லங்க என்றாள். அப்போது சிரித்தோம். இன்றைக்கு வண்டி அமுங்குகிறது. ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் கீழே போய் மேலே வருகிறது, பஞ்சு மெத்தையில் நடக்கிற மாதிரி, பாதி பலம் அதிலேயே போய்விடுகிறது. பெடல் இரண்டு தடவை கல்லில் தட்டிவிட்டது. ஆல்வின் வண்டி அமுங்கவில்லை. அமுங்காது. அவன் போன மாதம் புது ஷாக் அப்சார்பர் மாட்டிவிட்டான், ஏறும்போது ஒரு சின்னத் திருகு, திருகினால் பின்பக்கம் கல்லாகிவிடும், இறங்கும்போது திறந்துவிட்டால் வெண்ணெய். வெண்ணெய் என்றுதான் அவன் சொல்வான், பேக்கரிக்காரன் அல்லவா. அப்பா காலத்து வர்க்கி பேக்கரி, மொறுமொறுவென்று அடுக்கடுக்காக இருக்குமே அந்த வர்க்கி, காலையில் அவன் கடையைத் தாண்டிப் போனால் தெரு முழுக்க அந்த வாசனை. நான் மின்வாரிய ஆபீஸில் உட்கார்ந்து மீட்டர் பழுதுக்கு மனு வாங்குகிறவன். என்னிடம் எந்த வாசனையும் கிடையாது.

ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பச்சை நிறத்தில் இரண்டு வண்டி வாங்கினோம். முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்த சைக்கிள்களிலேயே விலை குறைந்தது அதுதான், கோயமுத்தூர் கடைக்காரர்கூட ஆரம்பத்துக்கு இது போதுங்க என்றார். ஆரம்பத்துக்கு என்று சொன்னாரே, அது ஆல்வின் காதில் ஒரு மாதிரி விழுந்திருக்கிறது, என் காதில் வேறு மாதிரி. அவன் மறுமாதமே பிரேக்கை மாற்றினான். கழற்றின பிரேக்கை என்ன செய்வது, என்னிடம் கொண்டு வந்தான், பேக்கரி கவரில் போட்டு. இந்தா மாப்ள, உன்றதுக்கு இது எவ்வளவோ தேவலாம். அப்படித்தான் ஆரம்பித்தது இந்த வழக்கம். அவன் டயர் மாற்றுவான், பழைய டயர் எனக்கு வரும். அவன் ஹேண்டில் மாற்றுவான், பழையது எனக்கு. பெடலும் அப்படித்தான். ஒவ்வொன்றும் வர்க்கி கவரில் வரும், மாட்டி ஒரு வாரம் வரை பிடியில் வெண்ணெய் வாசனை இருக்கும். நானும் வெட்கம் கெட்டு வாங்கிக்கொண்டேன், அவன் புதிதாக ஒன்று வாங்கினால் போதும், அவனை வாழ்த்துவதற்கு முன்னால் பழையது எப்போது வரும் என்றுதான் மனசு கணக்குப் போடும். யோசித்துப் பார்த்தால் இப்போது என் வண்டியில் என்னுடையது என்று இருப்பது சட்டமும் சீட்டும் இந்த அமுங்குகிற ஷாக்கும்தான். மற்றதெல்லாம் அவன் வேண்டாம் என்று விட்டது. அவன் விட்டதை மிதித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறேன். மூச்சு வாங்குகிறது. அவன் திரும்பிப் பார்க்காமலேயே கேட்கிறான், என்றா மாப்ள, இன்னைக்கு ரொம்பத் திணறுற? ஒன்றுமில்லை, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்கிறேன். பொய். நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் வண்டியை வெளியே எடுக்கும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன்.

அந்த வளையம். பின்பக்க ஷாக்கில் பளபளவென்று ஒரு தண்டு உண்டு, அதில் ஒரு சின்ன ரப்பர் வளையம் கோத்திருக்கும். ஷாக் அமுங்கும்போது வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும், மேலே வரும்போது வளையத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடும். சவாரி முடிந்ததும் குனிந்து பார்த்தால் போதும், வண்டி எவ்வளவு ஆழம் போய் வந்தது, ஓட்டினவன் எவ்வளவு துணிந்தான் என்று தெரிந்துவிடும். ஆல்வினுடைய வளையம் எப்போதும் கடைசியில், தண்டின் முனையில் போய் உட்கார்ந்திருக்கும். என்னுடையது ஒருநாளும் அங்கே போனதில்லை. எப்போதும் ஒரு விரற்கடை பாக்கி இருக்கும். அந்த ஒரு விரற்கடையை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பார்த்து நொந்திருக்கிறேன். மட்டமான ஷாக், முழுசாக அமுங்கவே மாட்டேன் என்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன், கோகிலாவிடம் சொன்னேன், காபி குடிக்கும்போது சொன்னேன், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் உட்கார்ந்து, ஓட்டுகிறவன் எடைக்குத் தகுந்தபடி ஷாக்குக்குள் காற்று அடிக்கிற விதத்தையெல்லாம் சொன்னேன், அவள் ம் ம் என்று மடித்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு வந்ததும் வண்டியைத் துடைத்து வளையத்தை அடியில் தள்ளி வைத்தேன். வழக்கம் அது. இன்றைக்குக் காலையில் பார்க்கிறேன், வளையம் தண்டின் முனையில் இருக்கிறது. ஆல்வினுடையது இருக்கும் அதே இடத்தில். ஒரு விரற்கடைகூடப் பாக்கி இல்லை. என் வண்டியில். நான் ஓட்டாத என் வண்டியில்.

அதைத்தான் மென்றுகொண்டு ஏறுகிறேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் வெயில் வந்து வந்து போகிறது, பாதையில் காட்டெருமைச் சாணி காய்ந்து கிடக்கிறது, ஆல்வின் அதைச் சுற்றிப் போகிறான், நானும் சுற்றிப் போகிறேன். வியாழக்கிழமை. வியாழக்கிழமை ராத்திரி ஊட்டி ஆபீஸ் வேலையிலிருந்து வந்தபோது சமையலறை மேடையில் வர்க்கிப் பொட்டலம் இருந்தது. ஆல்வின் வந்தாருங்க என்றாள் கோகிலா. அவ்வளவுதான். ஆல்வின் வந்தாரு. மற்ற நாளில் ஆல்வின் அண்ணா என்பாள், கல்யாணம் ஆனதிலிருந்து அண்ணாதான், அவனும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். வியாழக்கிழமை அண்ணா எங்கே போனது? அப்போது ஒன்றும் தோன்றவில்லை, பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன், ஷாக் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன், வெட்கம் கெட்டவன். பழைய ஷாக்கைக் கழற்றி ஒரு மாதம் ஆகிறது, வழக்கப்படி எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வாய் விட்டுக் கேட்க எனக்கு முடியாது, இதுவரை ஒன்றையும் கேட்டு வாங்கினதில்லை, கொடுத்தான் வாங்கினேன் என்கிற அந்த ஒரு மானத்தைத்தான் வைத்திருக்கிறேன். பொட்டலத்தில் வெறும் வர்க்கி. எதுக்கு வந்தான் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. சும்மா. கோகிலா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள், காலை ஷிஃப்ட், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் வர இருட்டிவிடும். நடுவில் எவ்வளவு நேரம் கிடக்கிறது. அதை நான் இதுவரைக்கும் ஒரு நேரமாகவே நினைத்ததில்லை. அவள் தூங்குவாள், டிவி பார்ப்பாள், துணி எடுத்து வைப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஆல்வின் வந்திருக்கிறான், என் வண்டியை எடுத்து ஓட்டியிருக்கிறான், அவனுடைய உயர்ந்த ஷாக் இல்லாமல் என் மட்டமான ஷாக்கிலேயே வளையத்தை முனைக்குக் கொண்டு போய்க் காட்டியிருக்கிறான், அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். கை தட்டியிருப்பாளா? எனக்கு எது அதிகமாகக் குடைகிறது என்று சொல்லத் தெரியவில்லை. என் வண்டியை ஓட்டினான் என்பதா, அவள் சொல்லவில்லை என்பதா. இதில் வண்டிதான் முதலில் மனசுக்கு வருகிறது பாருங்கள்.

இன்னும் இருக்கிறது, ஒன்றைத் தொட்டால் ஒன்று வருகிறது. டயர் இடுக்கில் செம்மண். நான் தேய்த்துக் கழுவி வைத்த டயரில் புதன்கிழமை செம்மண் பார்த்தேன், பார்த்துவிட்டு மழையில் தெறித்திருக்கும் என்று விட்டுவிட்டேன், வீட்டு வராந்தாவில் எங்கே செம்மண் தெறிக்கும், அப்படியானால் வியாழக்கிழமை மட்டும் இல்லை, அதற்கு முன்னாலும் வந்திருக்கிறான். கோகிலாவின் காலில் பிளாஸ்திரி, முழங்காலுக்குக் கீழே, அதன் மேல் வரிசையாக மூன்று ரத்தப் புள்ளி கசிந்திருந்தது. என்ன என்றேன். ஸ்ட்ரெச்சர் இடிச்சிருச்சுங்க என்றாள். சீட்டுக் குழாயில் நான் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன், என் உயரத்துக்கு அடையாளம், ஆபீஸ் டேப்தான், சீட் அந்த டேப்பில்தான் இருக்கிறது, அதை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் வருகிறது, உடனே போகிறது, அவனும் என் உயரம்தானே. என் உயரம், என்னைவிட அகலம், மேட்டில் என்னைவிட வேகம், அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. வர்க்கி தின்றே வளர்ந்தவன். வளைவில் அவன் தொடை பெடலை அழுத்துவதைப் பார்க்கிறேன், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன், வண்டி அமுங்குகிறது, பெடல் மூன்றாவது தடவையாகக் கல்லில் தட்டுகிறது, ஒரு கால் தரையில் ஊன்றிவிட்டது. இறங்கித் தள்ளுகிறேன். உச்சியில் கேட்டுவிட வேண்டும். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட வேண்டும், நட்பாவது மண்ணாவது. கேட்டுவிட்டால் பிறகு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆல்வின் கிடையாது. வீட்டில் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பது அதற்கு அப்புறம்.

உச்சியில் ஒரு பாறை மேடை. அங்கே வண்டியைச் சாய்த்துவிட்டு ஆல்வின் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான், தாடியில் வழிகிறது. பக்கத்தில்தான் இறக்கம் ஆரம்பிக்கிறது, கொஞ்ச தூரத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை விளிம்பு, அதற்கு மாமியார் கல் என்று பேர் வைத்திருக்கிறோம், ஆல்வின் அதில் அப்படியே பறந்து இறங்குவான், நான் பக்கத்தில் உள்ள சறுக்குப் பாதையில் சுற்றி வருவேன். மூன்று வருடமாகச் சுற்றித்தான் வருகிறேன். ஷாக் சரியில்லை, நல்ல ஷாக் வந்ததும் குதிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் உடனே கேட்கவில்லை. பையிலிருந்து சின்னக் காற்றுப் பம்பை எடுத்து ஷாக்கில் மாட்டினேன், கைக்கு ஏதாவது வேலை வேண்டும். பம்பில் உள்ள முள் ஏறி நின்றது. நின்ற இடத்தைப் பார்த்தேன். என் எடைக்கு நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு கீழே. ஏதோ ஒழுகியிருக்கிறது என்று நினைத்து மறுபடி கழற்றி மாட்டினேன், அதே இடம். ஒழுகினால் இப்படிச் சரியாக ஒரு கோட்டில் வந்து நிற்காது. இது யாரோ பார்த்து இறக்கி வைத்த காற்று.

வியாழக்கிழமை வந்து என் வண்டிய எடுத்தியா என்று கேட்டேன். குரல் எனக்கே நன்றாக இல்லை. ஆல்வின் பாட்டிலை மூடிவிட்டு வந்து குனிந்து முள்ளைப் பார்த்தான். நானா, இந்தக் காத்துல நான் உக்காந்தா சீட்டு டயர்ல போயி முட்டும்டா என்றான். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். இது லேசான ஆளுக்கு வெச்ச காத்து மாப்ள. ரொம்பச் சரியா வெச்சிருக்காங்க. அவ்வளவு சொல்லிவிட்டு நிமிர்ந்து தேயிலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். யார்ரா என்றேன். வீட்ல போயிக் கேளு, எனக்கே வியாழக்கிழமைதான் தெரியும், நான் சொன்னா நல்லா இருக்காது என்றான். எனக்கு முதலில் புரியவில்லை, புரியாத மாதிரி கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். லேசான ஆள். எங்கள் வீட்டில் நான் ஒருவன், இன்னொருத்தி. பிளாஸ்திரி. ஸ்ட்ரெச்சர் இடித்தால் இப்படி இடிக்காது, வரிசையாக மூன்று புள்ளி, பெடலில் உள்ள ஆணி முழங்காலுக்குக் கீழே வைக்கிற முத்திரை அது, ஆல்வின் காலிலும் இருக்கிறது, என் காலிலும் இருக்கிறது, தினமும் குளிக்கும்போது பார்க்கிறேன். அதைப் பிளாஸ்திரி போட்டு மூடினாள். சீட்டை இறக்கி ஓட்டிவிட்டு டேப்புக்கு நேராகத் திரும்ப ஏற்றி வைத்திருக்கிறாள். காற்றை ஒவ்வொரு தடவையும் எனக்காகத் திரும்ப அடித்து வைத்திருப்பாள், இந்த வாரம் மறந்துவிட்டாள். எடைக்குத் தகுந்தபடி காற்று. ம் ம் என்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் வண்டியை ஆல்வின் தொடவில்லை, அதற்கு மேல் நான் நினைத்த அசிங்கம் எதுவும் நடக்கவில்லை. ஒரு மனுஷன் இந்த இடத்தில் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஒரு நொடி வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய், நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஆனால் வளையம் முனையில் இருந்ததே. அதை நினைத்ததும் வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது. லேசானவள், இந்தப் பழைய ஷாக்கில் வளையத்தை முனை வரைக்கும் கொண்டு போக வேண்டுமென்றால், அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் அவ்வளவு உயரம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மாமியார் கல்லின் விளிம்பு வரைக்கும் நடந்து போய் எட்டிப் பார்த்தேன். அதன் கீழே ஈர மண்ணில் ஒரு தடம், மழைக்குப் பிறகு நாங்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை, அழுத்தமாக இறங்கி நேராகப் போன ஒற்றைத் தடம். ஆல்வின் விட்ட டயர், நான் மாட்டின டயர், அது மண்ணில் பதிக்கிற பூ எனக்குத் தெரியும். ஆல்வின் மேல் இத்தனை வருடம் பட்ட பொறாமை எவ்வளவு சுகமானது என்று அப்போதுதான் தெரிந்தது. அவனிடம் காசு இருக்கிறது, பேக்கரி இருக்கிறது, ஷாக் இருக்கிறது, என்னிடம் இல்லை, அதனால் அவன் குதிக்கிறான், நான் சுற்றிப் போகிறேன். எவ்வளவு வசதியான கணக்கு. இவளிடம் என்ன இருக்கிறது? என் வண்டிதான் இருக்கிறது. அதே ஷாக், அதே ஹேண்டில், அதே பெடல். காற்று மட்டும் குறைவு.

எடைக்குக் காற்றை ஏற்றினேன். கை தானாக வளையத்தை அடியில் தள்ளி வைத்தது. ஆல்வின் முன்னால் போய்க் கல்லில் குதித்து, கீழே நின்று திரும்பிப் பார்த்தான், இன்றைக்கு வா என்று கூப்பிடவில்லை. நான் வந்தேன். கல்லை நோக்கி நேராகத்தான் வந்தேன், சத்தியமாக, கை பிரேக்கில் இல்லை, அவள் தடம் எனக்கு முன்னால் விளிம்பில் போய் முடிந்திருந்தது, அதில் என் சக்கரத்தை வைத்துவிட்டால் போதும். விளிம்புக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, வெறும் பச்சை. ஹேண்டில் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. நான் திருப்பினேன் என்று தோன்றவில்லை, அது வழி தெரிந்த வண்டி, சறுக்குப் பாதையில் தானே இறங்கி வந்துவிட்டது. காத்து இப்ப சரியா இருக்கா மாப்ள என்றான் ஆல்வின், ரொம்ப மெதுவாக. நன்றாக இருக்கிறது என்றேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு விரற்கடை பாக்கி. உள்ளே குக்கர் விசில் அடித்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துதான் செய்தேன், கட்டைவிரலை வைத்து வளையத்தை மெதுவாகத் தள்ளினேன், முனை வரைக்கும், அவளுடையது இருந்த இடம் வரைக்கும். பிறகு கை கழுவப் போகிற மாதிரி குழாயடிக்குப் போனேன். கோகிலா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள், நேராகப் பின்பக்கம் போய்க் குந்தினாள், பழகின ஆள் மாதிரி, பழகின ஆள்தான். ஏனுங்க, இன்னைக்கு அமுங்கிச்சா, காத்தேத்த மறந்துட்டனுங்க என்றாள். கேட்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முந்திக்கொண்டாள். ஆமா என்றேன். ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னா நீங்க சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சிருவீங்க என்றாள். ஆல்வின் எதுக்கு வந்தான்? ஷாக் கொண்டாந்தாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன், இதே நல்லாத்தான இருக்குதுங்க. அதைச் சொல்லும்போது அவள் கண் வளையத்தில் இருந்தது. நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது, என்னைப் பார்க்கத் திரும்பினாள், திரும்பினவள் மறுபடியும் தண்டைப் பார்த்தாள். ஷாக் உண்மையிலேயே அமுங்கியிருந்தால் தண்டு முனை வரைக்கும் துடைத்த மாதிரி இருக்கும். முனைப்பக்கம் ஒரு விரற்கடைக்கு வழிச் சேறு அப்படியே இருந்தது, வளையம் தேய்த்துப் போன கோட்டோடு. அதை நானும் அப்போதுதான் பார்த்தேன். சேலைத் தலைப்பால் அந்தச் சேற்றைத் துடைத்தாள், வளையத்தை ஒரு விரலால் நகர்த்தி அடியில் வைத்தாள். நாளைக்கு எனக்கு வண்டி வேணுங்க என்றாள்.